பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள்!

 

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டவுடன், "கவிதை தரட்டுமா?" என்றேன். "கவிதை ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கு. உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா" என்று சொல்லிவிட்டான். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதில் ஒன்றைப் பற்றித் துணிந்து எழுதுகிறேன்.

அது ஒரு ரெசிஸ்டன்ஸ். மதிப்பு 0.02 ஓம். ஒரு ஓமை ஐம்பது பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! 'இவ்வளவு சின்ன சமாச்சாரத்துக்கு ஒரு கட்டுரையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தச் சின்ன சமாச்சாரம்தான் எங்கள் வீட்டில் என் பரீட்சை ஃபீஸையும் பஸ் காசையும் தின்றுவிட்டுப் போனது.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இரண்டாம் ஆண்டில் நமக்கு கெல்வின் டபுள் பிரிட்ஜ் சோதனை வந்தது. குறைந்த ரெசிஸ்டன்ஸை அளக்கும் சோதனை. பெஞ்சில் ஒரே ஒரு பிரிட்ஜ். அதைச் சுற்றி பத்துப் பேர். கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொண்டு அசையவே மாட்டேன் என்றது. மணியும் அடித்துவிட்டது. நாங்கள் என்ன செய்தோம்? சீனியர் அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தோம். அதில் 0.021 ஓம் என்று இருந்தது. சார் சந்தேகப்படக் கூடாதே என்று நான் 0.020 என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவன் 0.022 என்று எழுதினான். இருவருக்கும் முழு மார்க்! அந்த அண்ணன் யாரைப் பார்த்து எழுதினாரோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. எழுதிய கை என் கைதான். ஆனால் அந்த 0.02 ஓம் ஒரு வருடம் கழித்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் அப்பா சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். வண்டி சொந்தம் இல்லை. சம்பளத்துக்கு ஓட்டுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் ஊர்த் தோட்டங்களில் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எங்கள் தெருவில் ரேடியோ பாடவில்லை என்றாலும் சரி, செல்போன் சார்ஜ் ஏறவில்லை என்றாலும் சரி, "அந்தப் பையன்கிட்டக் குடு, அவன் கரண்டுக்குப் படிக்கிறான்" என்று கொண்டு வந்துவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் வண்டி செல்ஃப் எடுக்காமல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். சில நேரம் களைத்த மாடு எழுந்திருப்பது போல மெதுவாக ஒரு சுற்று. அவ்வளவுதான். ஆள் பிடித்துத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஓனர் புது பேட்டரி வாங்கிப் போட்டார். இரண்டு நாள் சரியாக இருந்தது போல இருந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி!

அப்பா என்னிடம், "ஏம்ப்பா, நீ மீட்டர் வச்சிருக்கேல்ல, ஒயர்ல ஏதும் கோளாறான்னு பாரேன்" என்றார். நான் பெருமையாக மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர். 200 ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு ப்ரோப்பையும் ஒன்றோடொன்று ஒட்டினேன். 0.3 காட்டியது. பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரின் இரண்டு முனையிலும் வைத்தேன். அதே 0.3 காட்டியது. 0.3-ல் 0.3 போனால் பூஜ்யம். பஸ்ஸர் வைத்தும் பார்த்தேன். 'பீப்' என்று கத்தியது. "ஒயரெல்லாம் நல்லா இருக்குப்பா. செல்ஃப் மோட்டார்தான் போயிருக்கும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

படித்த பையன் சொல்லிவிட்டான் அல்லவா? மோட்டாரைக் கழற்றினார்கள். பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். மொத்தச் செலவு 3,600 ரூபாய். "நீ சொல்லித்தானே கழட்டுனோம்" என்று ஓனர் பாதிப் பணத்தை அப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். 1,800 ரூபாய்! மறுநாள் விடியற்காலை வண்டி மறுபடியும் 'டக்'.

கடைசியில் மார்க்கெட் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் வழி காட்டினார். என்னிடம் இருந்ததைப் போன்ற அதே மஞ்சள் மீட்டர்தான் அவரிடமும் இருந்தது. ஆனால் அவர் ஓம் பக்கமே திருப்பவில்லை. 20 வோல்ட் ரேஞ்சில் வைத்தார். ஒரு ப்ரோப் பேட்டரியின் மைனஸ் முனையில். இன்னொன்று இன்ஜின் பாடியில். "சாவியைத் திருப்புங்கண்ணே" என்று அப்பாவிடம் சொன்னார். மீட்டரில் 3 வோல்ட்! அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாத இடத்தில் 3 வோல்ட். "சும்மா கிடக்குற ஒயரை அளந்தா என்ன தெரியும் தம்பி? அது இழுக்கும்போது அளந்து பாரு" என்றார். எர்த் ஒயரின் லக்கை இன்ஜினோடு சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது! கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினோம். மீட்டரில் 0.2 வோல்ட். வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. செலவு? ஒரு உப்புத்தாளும் ஒரு டீயும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட்டை 150 ஆம்பியரால் வகுத்தால் 0.02 ஓம். என் ரெக்கார்டு நோட்டில் நானே எழுதிய அதே எண்! 12 வோல்ட் பேட்டரி செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டுக்கு இறங்கும். அதிலும் 3 வோல்ட் போல்ட்டுக்கு அடியிலேயே செத்துவிட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது ஏழுதான். மின்னோட்டத்தின் வர்க்கத்தை 0.02-ஆல் பெருக்கினால் 450 வாட்! ஒரு சின்ன போல்ட்டின் அடியில் பாதி இஸ்திரிப் பெட்டி எரிந்து கொண்டிருந்தது. நான் அதைப் பூஜ்யம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா திட்டவில்லை. "விடுப்பா. நீ என்ன வேணும்னா சொன்னே? மீட்டரு காட்டுனதைத்தானே சொன்னே" என்றார். திட்டியிருந்தால் கூட இவ்வளவு உறைத்திருக்காது.

நண்பர்களே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். மீட்டர் அதைக் காட்டியதா? இல்லை. 200 ஓம் ரேஞ்சில் அந்த மீட்டரின் கடைசி இலக்கம் 0.1 ஓம். அதற்குக் கீழே இருப்பதை அதனால் பார்க்க முடியாது. 'எனக்குத் தெரியவில்லை' என்றுதான் மீட்டர் சொன்னது. நான் அதை 'இல்லை' என்று படித்தேன். தெரியவில்லை என்பது வேறு. இல்லை என்பது வேறு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றே ஒன்றுதான்.

எடை மேடையை நினைத்துப் பாருங்கள். ஒரு தக்காளியின் எடை தெரிய வேண்டும். அதற்காகத் தக்காளியை வண்டியில் வைத்து, டிரைவரையும் உட்கார வைத்து, லாரி எடை மேடையில் ஏற்றுகிறோம். பிறகு தக்காளி இல்லாமல் ஒரு முறை ஏற்றிக் கழிக்கிறோம். தக்காளியின் எடை தெரியுமா? நான் செய்தது அதுதான். ப்ரோப் ஒயர், பிளக், முனை எல்லாம் சேர்ந்து 0.3 ஓம். அதுதான் வண்டி. 0.02 ஓம்தான் தக்காளி!

இதற்கு வழி, நாம் பதினாறு மார்க்குக்கு நெட்டுருப் போட்ட அதே பாடத்தில் இருக்கிறது. வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி, பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பட்டம் பெற்றவர், அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடும் வேலையில் இருந்தார். செம்பு என்று சொல்லி விற்ற கம்பிகளிலேயே ஒன்று நன்றாகவும் மற்றொன்று மட்டமாகவும் மின்சாரம் கடத்துவதை 1850-களில் கண்டார். கனமான கம்பித் துண்டின் சின்ன ரெசிஸ்டன்ஸை வீட்ஸ்டன் பிரிட்ஜில் சரியாக அளக்க முடியாது. இணைப்பு ஒயரின் ரெசிஸ்டன்ஸும் கூடவே வந்து சேரும். அந்தக் குறையைத் தீர்க்க 1860-களின் தொடக்கத்தில் அவர் அமைத்ததுதான் டபுள் பிரிட்ஜ். சோதனைப் பொருளுக்கு நான்கு முனை. கரண்ட் போக இரண்டு, வோல்டேஜ் பார்க்க இரண்டு. சூட்சுமம் முழுவதும் அந்த நான்கில்தான் இருக்கிறது.

ஏன் நான்கு? கரண்ட் போகும் ஒயரில் எவ்வளவு வோல்ட் வீணானாலும் கவலை இல்லை. நாம் அங்கே அளக்கவில்லை. வோல்ட் பார்க்கும் ஒயர் வழியாக கரண்டே போவதில்லை என்று சொல்லலாம். டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பத்து லட்சம் ஓம் கணக்கில் இருப்பதால், அந்த ஒயரில் 0.3 ஓம் இருந்தாலும் இழப்பு கண்ணுக்கே தெரியாது. வண்டியும் டிரைவரும் இறங்கிவிட்டார்கள். தக்காளி மட்டும் தராசில் நிற்கிறது. பேட்டரிக் கடை அண்ணனும் இதையேதான் செய்தார். கரண்ட் போன வழி தனி, அவர் வோல்ட் பார்த்த வழி தனி. கெல்வின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் கெல்வினின் பாடம் அவர் கையில் இருந்தது. எங்கள் நோட்டில் பெயர் இருந்தது. பாடம் இல்லை!

வெட்கத்தோடு நானே ஒரு பெட்டி செய்தேன். நீங்களும் செய்யலாம். பழைய செல்போன் சார்ஜர் ஒன்று, 5 வோல்ட் 2 ஆம்பியர். எல்.எம். 317 ஐசி ஒன்று. 12 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் பத்து. பத்தையும் பேரலலாகச் சேர்த்தால் 1.2 ஓம். அதை ஐசியின் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே போட வேண்டும். அந்த இரண்டு காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட்டை ஐசி பிடித்து வைத்திருக்கும். ஆகவே அட்ஜஸ்ட் கால் பக்கமிருந்து சுமார் 1.04 ஆம்பியர் மாறாமல் வெளியே வரும். ஐசியில் 4 வாட் அளவுக்குச் சூடு வரும். ஹீட் சிங்க் இல்லாமல் போடாதீர்கள். ஐசிக்கு ஐசி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். முதலில் மீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்சில் கரண்டை அளந்து பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். மல்டிமீட்டர் நீங்கலாக எனக்கு ஆன செலவு இருநூறு ரூபாய்க்குள்.

இந்தக் கரண்டைப் பொருளின் இரு முனையிலும் கிளிப் மாட்டிச் செலுத்துங்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, ப்ரோப் முனையை கிளிப் மேல் வைக்காமல், இரண்டு கிளிப்புக்கும் உள்பக்கமாகப் பொருளின் மேலேயே வையுங்கள். காட்டும் மில்லிவோல்ட்டை 1.04-ஆல் வகுத்தால் மில்லி ஓம். கடைசி இலக்கம் 0.1 மில்லிவோல்ட். அதாவது 0.1 மில்லி ஓம் வரை பார்க்கலாம். ஓம் ரேஞ்சில் பார்த்ததை விட ஆயிரம் மடங்கு நுட்பம். மீட்டர் அதே மீட்டர்தான்!

பெட்டி உண்மை பேசுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் நம் பாடம் இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டர் நீளம் எடுத்தால் கணக்குப்படி 17.2 மில்லி ஓம் வர வேண்டும். எனக்கு 18.4 மில்லிவோல்ட் வந்தது. வகுத்தால் 17.7. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் முறையாக ஒரு ரீடிங்கை நானே எடுத்திருக்கிறேன்!

பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் அளந்தேன். புது சுவிட்ச் 6 மில்லி ஓம். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய பழைய சுவிட்ச் 70. ஒவ்வொரு தட்டுக்கும் அது வேறு வேறு காட்டியது. அதன் வழியே 10 ஆம்பியர் போனால் அந்தப் பிளாஸ்டிக்குக்கு உள்ளே 7 வாட் சூடு. சுவிட்ச் ஏன் மஞ்சளாகிக் கருகுகிறது என்று அன்றுதான் புரிந்தது. (சுவிட்சைக் கழற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். மெயின்ஸ் இருக்கும் இடத்தில் இந்தப் பெட்டியை வைத்து விளையாடாதீர்கள்!)

தவறுகளும் வந்தன. கரண்டை நிறுத்திய பிறகும் மீட்டரில் சில நேரம் 0.1, 0.2 நின்றது. இரண்டு வேறு உலோகம் சேரும் இடத்தில் சூடு வித்தியாசம் இருந்தால் தானாகவே சின்ன வோல்டேஜ் பிறக்கும். கரண்டைத் திருப்பி மாட்டி இன்னொரு முறை அளந்து, குறியைப் பார்க்காமல் சராசரி எடுத்தால் அது ஓடிவிடும். நமக்குத் தொல்லையான இதே விளைவுதான் ஒரு காலத்தில் ஜார்ஜ் ஓமுக்குத் துணையாக வந்தது! அவர் பூட்டு செய்யும் தொழிலாளியின் மகன். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே சோதனை செய்தவர். அன்றைய பேட்டரிகளின் வோல்டேஜ் நிலையாக நிற்காததால் ரீடிங் எல்லாம் குழம்பியது. பிறகு செம்பும் பிஸ்மத்தும் சேர்த்த ஜோடியின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான வோல்டேஜ் எடுத்தார். 1827-ல் புத்தகம் வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு சுமார்தான். 1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது. பூட்டுக்காரர் மகனின் பெயரைத்தான் இன்றைக்கு உலகம் முழுவதும் ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் சொல்லிக் கொண்டிருக்கிறோம். நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து வருபவர்கள் இதை மறக்கக் கூடாது.

"இதெல்லாம் எதுக்குடா? மார்க் வந்தா போதாதா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது. நாம் வேலைக்குப் போகப் போகிற இடத்தில் எல்லாம் இந்தச் சின்ன ஓம் காத்திருக்கிறது. பம்பு மோட்டாரின் மூன்று வைண்டிங்கும் ஒரே அளவா என்று பார்க்க மில்லி ஓம் வேண்டும். பேட்டரி வண்டியின் செல்களில் எது கிழடு தட்டியது என்று பிரிக்க மில்லி ஓம் வேண்டும். சப்ஸ்டேஷனில் பிரேக்கர் கான்டாக்டை நூறு ஆம்பியர் செலுத்தி மைக்ரோ ஓமில் பார்க்கிறார்கள். செல்போன் போர்டில் ஷார்ட் எங்கே என்று தேடும்போது, எந்தப் பக்கம் நகர்ந்தால் மில்லி ஓம் குறைகிறதோ அந்தப் பக்கம் போனால் குற்றவாளி அகப்படுவான். அங்கே போய் 'பீப் வந்தது சார்' என்று சொன்னால் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆசிரியர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம், அறுபது மாணவர்கள், ஒரு பிரிட்ஜ். அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆகவே குறை மட்டும் சொல்லாமல் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளைப் பணிவோடு வைக்கிறேன்.

ஒன்று. இந்தப் பெட்டியைப் போலப் பத்துப் பெட்டிகளை நாமே செய்து லேபுக்குக் கொடுப்போம். அடுத்த ஆண்டு தம்பி தங்கைகள் ஆறு பேருக்கு ஒன்று என்று கையில் வைத்து அளக்கட்டும்.

இரண்டு. ரீடிங் தப்பாக வந்தாலும் வந்தபடியே எழுத அனுமதி வேண்டும். 'இவ்வளவு வர வேண்டும், இவ்வளவுதான் வந்தது, காரணம் இது' என்று எழுதுகிறவனுக்கு மார்க் குறையக் கூடாது. இதைத் துறைத்தலைவர் அவர்களிடம் சங்கம் எடுத்துச் சொல்ல வேண்டும். மார்க் குறையும் என்ற பயம்தான் நம்மைப் பொய் எழுத வைக்கிறது.

மூன்று. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டு வந்து அளக்க வேண்டும். பழைய சுவிட்சோ, மிக்ஸி ஒயரோ, டிராக்டர் பேட்டரி லக்கோ எதுவானாலும் சரி. நம் வீட்டுக்கும் நம் லேபுக்கும் நடுவில்தான் ரெசிஸ்டன்ஸ் அதிகமாக இருக்கிறது. அதை முதலில் குறைப்போம்!

இப்போது மாதம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வண்டியின் லக்குகளை நான் அளக்கிறேன். எண்ணை அப்பாவே ஒரு பழைய டைரியில் எழுதி வைக்கிறார். போன மாதம் 0.6, இந்த மாதம் 0.8 மில்லி ஓம். "ஏறுதுப்பா, கழட்டித் தேய்ச்சிடலாமா?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு படித்த என் அப்பா ரீடிங்கைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். அந்த டைரியில் யாரையும் பார்த்து எழுதிய எண் ஒன்று கூட இல்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை மீட்டர் ஒன்றும் காட்டவில்லை என்றால் பேனாவை எடுத்துப் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். மீட்டரை மாற்றிப் பாருங்கள். முறையை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகு எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நம்பி எங்கோ ஒருவர் மோட்டாரைக் கழற்றக் காத்திருக்கிறார்!

 

— மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவன்